வீட்டுக்குள் நெட்வொர்க், வீடியோ கம்பிகள்: எதைப் புதைப்பது, எதைப் புதைக்காமல் விடுவது

வீடு கட்டும்போதும் பெரிதாகப் புதுப்பிக்கும்போதும் விளக்குக்கும் விசிறிக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் முன்கூட்டியே வரைபடம் போடுகிறவர்கள்கூட, நெட்வொர்க்குக்கும் டிவிக்கும் வேண்டிய கம்பிகளைப் பூச்சு வேலை தொடங்கும் வாரம்வரை தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கடைசி நேரத்தில் எழும் முதல் கேள்வி, பெரும்பாலும், நெட்வொர்க் கம்பி வகைகளில் கேட்-6 போதுமா, அதைவிட உயர்ந்த கேட்-6ஏ வேண்டுமா என்பதுதான். என் கணிப்பில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்தெந்த இடங்களுக்கு எத்தனை கம்பிகள் போக வேண்டும், அவை எல்லாம் எங்கே வந்து சேர வேண்டும் என்பது முதல் கேள்வி. இன்று போடும் கம்பியைப் பின்னாளில் சுவரை உடைக்காமல் உருவி மாற்ற முடியுமா என்பது இரண்டாவது. சுவர் பல பத்தாண்டுகள் நிற்கும். அதற்குள் இருக்கும் நல்ல செம்புக் கம்பி அதில் பாதிக் காலமாவது உழைக்கும். அதன் முனையில் மாட்டும் கருவியோ சில ஆண்டுகளில் மாறிவிடும். ஆகவே இங்கே ஒவ்வொரு வாய்ப்பையும் அதன் வேகத்தைக் கொண்டு மட்டும் எடைபோடாமல், தவறிப்போனால் அதைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறேன்.

கம்பியே வேண்டாம் என்ற வாய்ப்பு

வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு என்பது நியாயமான கேள்வி. வைஃபையில் ஒரு சேனலை அதில் இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். கம்பியிலோ ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பாதை உண்டு. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். மேலும் 5, 6 கிகாஹெர்ட்ஸ் அலைகள் வேகமானவை என்றாலும், கம்பி கட்டிய கான்கிரீட், உலோகத் தகடு, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கடக்கும்போது வெகுவாக வலுவிழக்கின்றன. இதைச் சரிசெய்ய வைஃபையை ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிப் பரப்பும் மெஷ் கருவிகளை அறைக்கு அறை வைக்கலாம். ஆனால் அவை தமக்குள்ளும் வைஃபை வழியாகவே பேசிக்கொள்ளும்போது ஒரே தகவல் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. அதற்கெனத் தனி ரேடியோ இல்லாத கருவிகளில் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது.

அதே மெஷ் கருவிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் இந்தக் குறை நீங்கிவிடும். நல்ல வைஃபை வேண்டும் என்பவருக்குத்தான் கூரையில் நெட் பாயின்ட் (நெட்வொர்க் கம்பி வந்து முடியும் இடம்) முதலில் தேவைப்படுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே இவ்விரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பதைவிட வேலையைப் பிரித்துக்கொடுப்பது மேல். டிவி, மேசைக் கணினி, கேமராப் பதிவுப் பெட்டி, வைஃபையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட் போன்ற நகராத பொருள்களுக்குக் கம்பி. கையில் எடுத்துக்கொண்டு திரியும் பொருள்களுக்கு வைஃபை. நகராதவை காற்றிலிருந்து விலகும் அளவுக்கு மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும்.

மின்கம்பி வழியாகவே நெட்வொர்க்கைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர்களைத் திட்டமிடும் கட்டத்தில் ஒரு வாய்ப்பாகவே கருத வேண்டியதில்லை. அவற்றின் வேகம் மின்சுற்றின் அமைப்பையும் அதில் ஓடும் மோட்டார்கள், மலிவான சார்ஜர்கள் எழுப்பும் இரைச்சலையும் பொறுத்து நேரத்துக்கு நேரம் மாறும். சுவரைத் தொடவே முடியாத வீட்டுக்கு அவை கடைசிப் புகலிடம், அவ்வளவுதான்.

செம்புக் கம்பியின் வகைகள்

முறுக்கிய இணைகள் கொண்ட செம்புக் கம்பியில் ஒரு பாதையின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது; அதில் சுவருக்குள் நிலையாகப் போவது 90 மீட்டர், இரு முனைகளிலும் கருவியோடு இணைக்க மாட்டும் மென்கம்பிகளான பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர் என்பது கணக்கு. குடியிருப்பு வீட்டில் ஒரு பாதை 40 மீட்டரைத் தொடுவதே அரிது. வகைகளை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது, ஏனென்றால் அட்டவணைகளில் காணும் வேறுபாடுகளில் பல நீளம் கூடும்போதுதான் தலைகாட்டுகின்றன.

கேட்-5இ 100 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து சான்றளிக்கப்படும் கம்பி. அது 100 மீட்டருக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தைத் தரும். 2016இல் வந்த 802.3பிஇசட் தரத்துக்குப் பிறகு அதே கம்பியில் 2.5 ஜிகாபிட்டும் ஓடுகிறது. கேட்-6 250 மெகாஹெர்ட்ஸுக்கானது. 5 ஜிகாபிட்டை 100 மீட்டருக்கும், 10 ஜிகாபிட்டைச் சாதகமான சூழலில் 55 மீட்டர் வரையும் கொண்டுசெல்லும். பல கம்பிகளை நெருக்கிக் கட்டியிருந்தால் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் ஏறி, அந்த 55 மீட்டர் 37 மீட்டர் அளவுக்குக் குறையலாம். கேட்-6ஏ 500 மெகாஹெர்ட்ஸுக்கானது. 10 ஜிகாபிட்டை 100 மீட்டருக்கும் எந்த நிபந்தனையும் இல்லாமல் தருவது அதுவே.

இந்த எண்களை வீட்டின் நீளத்தோடு பொருத்திப் பார்த்தால், கேட்-6 கம்பியே பெரும்பாலான வீடுகளில் 10 ஜிகாபிட்டுக்கும் போதுமானது என்பது தெளிவாகும். கேட்-6ஏ கம்பியின் பருமன்தான் அதன் உண்மையான விலை. கேட்-6 கம்பி சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால், கேட்-6ஏ 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை போகிறது. சுவருக்குள் கம்பி ஓடும் பைப்பின் உள்குறுக்குப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கம்பியால் நிரப்பக் கூடாது என்ற வழக்கமான விதியைக் கடைப்பிடித்தால், 21 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பைப்பில் நான்கு கேட்-6 கம்பிகள் போகும். கேட்-6ஏ என்றால் தடிமனைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்த வேண்டும். வளைவும் அகலமாக வேண்டும். சிறிய பெட்டிக்குள் அதை மடக்கித் திணிப்பது சிரமம். மெல்லிய பைப்பில் வலுக்கட்டாயமாக இழுக்கப்பட்ட கேட்-6ஏ, நிதானமாக இழுக்கப்பட்ட கேட்-6 கம்பியைவிட மோசமாகவே வேலை செய்யும். டிவி இருக்கும் சுவருக்கும், வேலை மேசைக்கும், பல நெட்வொர்க் கம்பிகளை ஒன்றிணைக்கும் சுவிட்ச் மாடியில் இருந்தால் அதற்குப் போகும் முதுகெலும்புப் பாதைக்கும் கேட்-6ஏ போட்டு, மற்ற இடங்களுக்கு கேட்-6 போதும் என்று விடுவதே என் தேர்வு.

கேட்-7, கேட்-8 என்ற பெயர்கள் ஆசை காட்டும். கேட்-7 கம்பிக்கு, கேட் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான டிஐஏவின் அங்கீகாரம் இல்லை. உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரத்தில் அதற்கென வகுத்த இணைப்பிகளும் வீட்டுக் கருவிகளில் இருப்பதில்லை. அதன் முனையில் நெட்வொர்க் கருவிகளில் வழக்கமாக இருக்கும் ஆர்ஜே-45 ஜாக்கை மாட்டியவுடன் அந்தக் கூடுதல் தகுதி காகிதத்தில் மட்டுமே மிஞ்சுகிறது. கேட்-8 தரவு மையங்களில் 30 மீட்டருக்குள் 25, 40 ஜிகாபிட் ஓட்டுவதற்கானது. வீட்டுச் சுவரில் அதற்கு வேலை இல்லை.

வகையைவிட முக்கியமானது உலோகம். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பியும் கேட்-6 என்ற அச்சோடு விற்கப்படுகிறது. கேட் தரங்கள் முழுச் செம்பையே கோருகின்றன. முலாம் பூசிய கம்பியின் மின்தடை கணிசமாக அதிகம், வளைத்தால் எளிதில் முறியும், ஜாக்கில் அழுத்திய இடம் நாளடைவில் தளரும். நெட்வொர்க் கம்பி வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறையில் இது வெறும் வேகக் குறைவோடு நிற்காமல் கம்பி சூடாவதில் போய் முடியும். 2003ஆம் ஆண்டுத் தரத்தில் 15.4 வாட்டாக இருந்த பிஓஇ, 2009இல் 30 வாட்டாகி, 2018இல் வந்த 802.3பிடி தரத்தில் 90 வாட் வரை போயிருக்கிறது. கேமரா, அக்சஸ் பாயின்ட், வாசல் மணி எல்லாம் இன்று இதை நம்பியே வருகின்றன. ஆகவே சுருளைத் தூக்கிப் பார்த்து எடை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் முனையைச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சுவருக்குள் போவது ஒற்றைத் திண்மக் கம்பியாக இருக்க வேண்டும். பல இழைகள் கொண்ட மென்கம்பி பேட்ச் கார்டுக்கு மட்டும்.

இரைச்சலைத் தடுக்க உலோகக் கவசமிட்ட கம்பி வேண்டுமா என்றால், வீட்டுக்குப் பெரும்பாலும் வேண்டாம். கவசத்தை முறையாக எர்த் செய்யாவிட்டால் அதனால் பயன் கிடைப்பதில்லை. கவசமில்லாத கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கிப் போடுவதே எளிய வழி. ஒரே பைப்பிலோ ஒரே பெட்டியிலோ இரண்டையும் சேர்க்கக் கூடாது. இதில் வேகத்தைவிட உயிர்ப் பாதுகாப்பு பெரிய காரணம். இணையாகப் போகும்போது 20, 30 சென்டிமீட்டர் இடைவெளியும், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தான கடப்பும் போதும்.

வீடியோ: இங்கேதான் பணம் வீணாகிறது

புது வீடுகளில் டிவி சுவருக்குள், படத்தையும் ஒலியையும் கருவியிலிருந்து திரைக்குக் கடத்தும் எச்டிஎம்ஐ கம்பியை நிலையாகப் புதைத்துப் பூசிவிடுவதைப் பார்க்கிறோம். எச்டிஎம்ஐயின் வரலாற்றைப் பார்த்தால் இதிலுள்ள சிக்கல் விளங்கும். 2002இல் முதல் பதிப்பு வந்தது. 2013இல் வந்த 2.0 பதிப்பு 18 ஜிகாபிட்டையும், 2017இல் வந்த 2.1 பதிப்பு 48 ஜிகாபிட்டையும் கேட்டது. 2025இல் வந்த 2.2 பதிப்பு 96 ஜிகாபிட்டுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு தாவலிலும் பழைய கம்பி, குறிப்பாக நீளமான பழைய கம்பி, பின்தங்கிவிடுகிறது. இதே காலத்தில் சுவருக்குள் கிடந்த கேட்-5இ கம்பி 1 ஜிகாபிட்டிலிருந்து 2.5 ஜிகாபிட்டுக்கு உயர்ந்திருக்கிறது. ஒன்று புதைத்த நாளிலிருந்து மதிப்பிழக்கிறது, மற்றது கூடுகிறது.

இரண்டின் வேலையும் வேறு என்பதுதான் இதற்குக் காரணம். எச்டிஎம்ஐ விரித்த படத்தைக் கடத்துகிறது. நொடிக்கு 60 சட்டங்கள் கொண்ட 4கே படத்தின் புள்ளிகளை மட்டும், நிறத்துக்கு 8 பிட் வீதம் கணக்கிட்டாலே ஏறத்தாழ 12 ஜிகாபிட் ஆகிறது. அதே 4கே படம் இணைய ஸ்ட்ரீமிங்கில் சுருக்கப்பட்டு வரும்போது 15 முதல் 25 மெகாபிட்டில் அடங்குகிறது. 4கே புளூ-ரே தட்டின் உச்ச வேகமே 128 மெகாபிட்தான். ஆகையால் படத்தைச் சுருங்கிய நிலையிலேயே நெட்வொர்க் வழியாக டிவி வரைக்கும் கொண்டுசென்று, அங்கே டிவியிலோ பக்கத்திலுள்ள சிறு பெட்டியிலோ விரித்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான வழி. அப்போது எச்டிஎம்ஐ கம்பி ஒன்றிரண்டு மீட்டர்தான். சுவருக்கு வெளியே தொங்கும், பழுதானால் ஒரு நிமிடத்தில் மாற்றலாம்.

இதற்கு அடங்காத இரண்டு நிலைமைகள் உண்டு. ஒன்று, கூரையில் தொங்கும் புரொஜெக்டர். மற்றது, எல்லாக் கருவிகளையும் அலமாரியில் மறைத்துவிட்டு டிவியைத் தனியாகச் சுவரில் மாட்ட விரும்புவது. இவற்றுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ. 48 ஜிகாபிட்டுக்கு அது சில மீட்டருக்குள் தடுமாறத் தொடங்குகிறது. புரொஜெக்டர் தூரத்துக்கு உதவாது. இரண்டாவது, உள்ளே ஒளியிழை கொண்ட ஆக்டிவ் எச்டிஎம்ஐ கம்பி. பல மீட்டர் தூரத்துக்கும் முழு வேகம் தரும், மெல்லியதாகவும் இருக்கும். ஆனால் அதற்குத் திசை உண்டு. கருவிப் பக்கம், திரைப் பக்கம் என்று முனைகளில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் இழுத்துவிட்டால் முழுவதையும் உருவித்தான் ஆக வேண்டும். அதன் முனைகளில் மின்னணுச் சில்லுகள் இருப்பதால் பழுதாகும் வாய்ப்பும் வெறும் கம்பியைவிட அதிகம். எனவே அதைப் பைப் இல்லாமல் புதைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். எச்டிஎம்ஐ தலை ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்பதால், நெட்வொர்க்குக்குப் போடும் மெல்லிய பைப்பில் அது வளைவைத் தாண்டாது. டிவிப் பெட்டிக்கும் புரொஜெக்டர் இடத்துக்கும் 40 மில்லிமீட்டர் பைப், அதுவும் கூர்மையான எல்போ இல்லாமல் நீண்ட வளைவாக, வேண்டும்.

மூன்றாவது, எச்டிஎம்ஐ சமிக்ஞையை நெட்வொர்க் கம்பியில் அனுப்பும் எச்டிபேஸ்-டி. அனுப்பும் பெட்டி ஒன்று, பெறும் பெட்டி ஒன்று, நடுவில் கேட்-6 அல்லது கேட்-6ஏ கம்பி. 100 மீட்டர் வரை போகும். ஒரே கம்பியில் படம், ஒலி, ரிமோட் சமிக்ஞை, மின்சாரம் எல்லாம் செல்லும். முந்தைய தலைமுறைகள் 10.2 ஜிகாபிட்டோடு நின்றன, 3.0 பதிப்பு 18 ஜிகாபிட் தருகிறது. 48 ஜிகாபிட் கேட்கும் விளையாட்டுக் கருவிக்கு அது போதாது, படம் பார்ப்பவருக்குத் தாராளம். நெட்வொர்க் கம்பியில் போனாலும் இது நெட்வொர்க் அல்ல. நடுவில் சுவிட்ச் வைக்க முடியாது, ஒரு கம்பி முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட வேண்டும். ஆனாலும் நாளை இதை வேண்டாம் என்று எடுத்துவிட்டால் சுவருக்குள் மிஞ்சுவது பயனுள்ள நெட் பாயின்ட்தான். பெரிய பைப் போட இடமில்லாத வீட்டில் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். பைப் போட முடிந்தால் வெறும் பைப்போடு நிறுத்தி, கருவி வாங்கும் நாளில் அதற்கேற்ற கம்பியை இழுத்துக்கொள்வேன்.

ஒரே மூலத்தைப் பல திரைகளில் காட்ட வேண்டியவர்களுக்கு வீடியோவை ஐபி வழியாக, அதாவது சாதாரண நெட்வொர்க் தகவலாகவே, அனுப்பும் கருவிகளும் இருக்கின்றன. அவை ஒரே தகவலைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட்டைப் பயன்படுத்துவதால், கேட்ட கருவிகளுக்கு மட்டும் அதை விடும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் செய்யத் தெரிந்த சுவிட்ச் இல்லாவிட்டால் வீட்டு நெட்வொர்க் முழுவதும் திணறும். இரண்டு டிவி உள்ள வீட்டுக்கு இது தேவைக்கு மீறிய ஏற்பாடு.

கோஆக்சியல், ஒளியிழை

டிஷ் அல்லது ஆன்டெனா இருந்தால் 75 ஓம் ஆர்ஜி-6 கோஆக்சியல் கம்பிக்கு மாற்று இல்லை. சாதாரண டிஷ் தலையில் (டிஷ்ஷின் முன்னே அலையை வாங்கும் பகுதி) 13, 18 வோல்ட் மின்னழுத்தமும் 22 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையும் எந்தப் பட்டையைத் தருவது என்று தீர்மானிப்பதால், ஒரு கம்பி, பெட்டிக்குள் சேனலைப் பிரித்தெடுக்கும் டியூனர் ஒன்றுக்கே உதவும். இரண்டு டியூனர் உள்ள பெட்டிக்கு இரண்டு கம்பிகள் வேண்டும். ஒரே கம்பியில் பல டியூனர்களை ஓட்டும் யூனிகேபிள் முறை இருக்கிறது, ஆனால் டிஷ் தலையும் பெட்டியும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். மொட்டைமாடியிலிருந்து எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் மையப் பெட்டிக்கு இரண்டு ஆர்ஜி-6, அங்கிருந்து முதன்மை டிவிக்கு ஒன்று என்பதற்கு மேல் நான் போட மாட்டேன். படுக்கையறைகளுக்கெல்லாம் கோஆக்சியல் இழுப்பது பழைய பழக்கம்.

ஏற்கெனவே அறைதோறும் கோஆக்சியல் ஓடும் பழைய வீட்டில் கதை வேறு. அங்கே கோஆக்சியல் வழியாக நெட்வொர்க்கைக் கடத்தும் மோகா அடாப்டர்களை மாட்டினால் 2.5 பதிப்பில் 2.5 ஜிகாபிட் வரை எடுக்கலாம், பவர்லைனைவிடப் பல மடங்கு நம்பகமானது. மோகா பயன்படுத்தும் 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, டிஷ் பயன்படுத்தும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸின் நடுவே விழுவதால் இரண்டையும் ஒரே கம்பியில் ஓட்ட முடியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கேமராவுக்காகப் புதிதாகக் கோஆக்சியல் போடுவதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை. பிஓஇ வழியாக ஒரே கம்பியில் படமும் மின்சாரமும் போகும்போது, கோஆக்சியலுக்கு அருகில் தனி மின்கம்பியும் இழுப்பானேன்?

ஒளியிழை அறைக்குள் தேவையில்லை. அதில் பிஓஇ போகாது, ஒவ்வொரு கருவிக்கும் மாற்றுப் பெட்டி வேண்டும். அதன் இடம் கட்டடத்துக்கு வெளியே. தனியாக நிற்கும் வாகனக் கொட்டகை, வெளிவீடு, தூரத்து வாயிற்கதவு ஆகியவற்றுக்குச் செம்புக் கம்பி போட்டால், அருகில் மின்னல் விழும்போது தூண்டப்படும் மின்னழுத்தமும், இரு கட்டடங்களின் எர்த் மட்டங்களுக்கு இடையிலான வேறுபாடும் அந்தக் கம்பி வழியே வந்து கருவிகளைத் தாக்கும். ஒளியிழையில் மின்சாரம் கடத்தும் பாதையே இல்லை. ஒளியிழையின் இரு வகைகளில் மல்டிமோட் ஓஎம்3 இழை 10 ஜிகாபிட்டை 300 மீட்டருக்குக் கொண்டுசெல்லும் என்றாலும், மற்ற வகையான சிங்கிள்மோட் இழைக்கு வருங்கால வேகங்கள் தடையாக இருக்கப்போவதில்லை. புதிதாகப் போடுவோர் அதையே தேர்ந்தெடுக்கலாம். இணைய நிறுவனத்தின் இழை உள்ளே வருவதற்கு வெளிச்சுவரிலிருந்து மையப் பெட்டிவரை ஒரு காலிப் பைப் போட்டுவைப்பது, ஜன்னல் சட்டத்தில் துளையிடும் அவலத்தைத் தவிர்க்கும்.

மையமும் பாதைகளும்

எல்லாக் கம்பிகளும் நட்சத்திர வடிவில் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு பாயின்ட்டிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக இழுக்கும் பழைய தொலைபேசி வழக்கம் நெட்வொர்க்குக்கு உதவாது. மையத்துக்குக் காற்றோட்டமும், தனிச் சுற்றிலிருந்து வரும் பிளக் பாயின்ட்டும், யுபிஎஸ் வைக்க இடமும் வேண்டும். சுவிட்சும் கேமராப் பதிவுப் பெட்டியும் இரவும் பகலும் சூட்டை வெளியிடுபவை. மூடிய உலோகப் பெட்டியில் அடைத்தால் ஆயுள் குறையும். ரவுட்டரையும் அதே உலோகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வைஃபை வரவில்லை என்று வருந்துவோர் உண்டு. அதை வீட்டின் நடுக்கூடத்துக் கூரையில் வைக்க, மையத்திலிருந்து இன்னொரு கம்பி போதும்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. காடி வெட்டுவதும் பூசுவதும் ஒரு கம்பிக்கானாலும் இரண்டுக்கானாலும் ஒரே உழைப்புத்தான். வேலை மேசைக்கு இரண்டு, முதன்மை டிவிக்கு மூன்று, படுக்கையறைகளுக்கு இரண்டு, தளத்துக்கு ஒன்றிரண்டு கூரைப் பாயின்ட், வாசலுக்கும் கேமரா இடங்களுக்கும் தலா ஒன்று என்பது நடுத்தரமான திட்டம். வெளியே வெயிலில் போகும் பகுதிக்கு வெளிப்புற உறை கொண்ட கம்பியே வேண்டும். உள்ளறைக் கம்பியின் உறை சூரிய ஒளியில் வெடித்துவிடும். பைப்பில் இரண்டு இழுவைப் பெட்டிகளுக்கு இடையே வளைவுகளின் மொத்தம் 360 பாகையைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று வளைவுகளோடு நிறுத்தினால் கம்பி இழுப்பவர் வாழ்த்துவார். கம்பியை இழுத்த பின்னும் ஒரு நைலான் கயிற்றை உள்ளேயே விட்டுவைக்க வேண்டும்.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு கம்பியையும் சோதிப்பது அவசியம். எட்டு விளக்குகள் வரிசையாக எரியும் மலிவான சோதனைக் கருவி, இணை மாறிச் சேர்ந்த பிழையைக் காட்டாது. அந்தப் பிழையோடு கம்பி தொடர்ச்சியாக இருப்பதுபோலவே தோன்றும், ஆனால் ஜிகாபிட் நிலைக்காது. இணைகளைப் பிரித்தறியும் கருவியோ, முடிந்தால் முழுச் சான்றளிக்கும் கருவியோ கொண்டவரை ஒரு நாள் வரவழைப்பது நல்ல செலவு. டி568ஏ, டி568பி என்ற இரண்டு நிற வரிசைகளில் எதைப் பின்பற்றினாலும் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜாக்கில் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. இரு முனையிலும் எண் எழுதி, பைப் ஓடும் சுவர்களை அளவுநாடாவோடு படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஆணி அடிப்பவருக்கும் உதவும்.

பணம் போதவில்லை என்றால் எதை வெட்டுவது? நான் முதலில் வெட்டுவது கேட்-6ஏ ஆசையை. அடுத்து வேகமான சுவிட்சை. 1 ஜிகாபிட் சுவிட்சைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதற்கும் அடுத்து முனைகளில் மாட்டும் ஜாக்குகளை: உடனே பயன்படாத பாயின்ட்டுகளில் கம்பியை ஒரு முழ நீளம் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து, எண் எழுதி, வெறும் மூடியால் மூடிவிடலாம். அதற்கும் மேல் வெட்ட வேண்டியிருந்தால் கம்பியையே விட்டுவிட்டு, கயிற்றோடு காலிப் பைப்பை மட்டும் போட்டுப் பூசலாம். பைப்பை மட்டும் வெட்டக் கூடாது.